சரபோஜியின் கருவிகளும் தேவமோகினியின் ஏக்கமும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், அதை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா வரை வந்தாலும், அங்கிருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குள் அநேகமாகப் போவதில்லை. 1779இல் கட்டப்பட்ட அந்த எளிய கட்டடத்தின் உள்ளே வெண்பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு. மரணப் படுக்கையில் ஒரு முதிய பாதிரியார். அவர் கையைப் பற்றியபடி தலைப்பாகை அணிந்த இளம் மன்னர். சிற்பத்தைச் செய்தவர் இலண்டனின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மன். அவர் தஞ்சைக்கு வந்ததே இல்லை. செய்யச் சொன்னவர் அந்த மன்னரேதான், இரண்டாம் சரபோஜி. படுத்திருப்பவர் 1798 பிப்ரவரியில் இறந்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ். அவருடைய கல்லறைக் கல்லுக்கு மன்னர் தாமே ஆங்கிலத்தில் செய்யுள் எழுதித் தந்தார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1806இல், கிளாடியஸ் புக்கானன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தஞ்சை அரண்மனைக்கு வந்தார். அரசவைக் கூடத்தில் மராட்டிய மன்னர்களின் படங்களுக்கு இடையே சுவார்ட்ஸின் படமும் தொங்குவதைக் கண்டு வியந்து எழுதினார். அவரும் அக்காலத்தில் வந்துபோன பிற ஐரோப்பியரும் எழுதிவைத்த குறிப்புகளில் அரண்மனைப் பொருள்களின் பட்டியல் ஒன்றும் கிடைக்கிறது: காற்றை இறைத்து வெற்றிடம் உண்டாக்கும் கருவி, மின்சாரம் உண்டாக்கும் கருவி, தந்தத்தாலான மனித எலும்புக்கூடு, வானியல் கருவிகள், அச்சுக்கூடம், ஆயிரக்கணக்கான ஐரோப்பிய நூல்கள். 1799 ஒப்பந்தத்தில் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, ஓய்வூதியமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு அமர்ந்திருந்த மன்னரின் கையில் காசும் இருந்தது, காலமும் இருந்தது. அவர் வாங்கிக் குவித்தார். நம் மண்ணில் ஐரோப்பியக் கருவிகளின் முதல் பெரிய நுகர்வோர் என்று அவரைச் சொன்னால் பிழையாகாது என்றே நினைக்கிறேன்.

பாதிரியாரின் படமும் வெற்றிடக் கருவியும் ஒரே அரண்மனையில் இருந்தன. இந்த அண்மை என்னை நெடுநாளாக உறுத்திவருகிறது. கருவிகளும் கிறிஸ்தவமும் காவிரிப் படுகைக்குள் ஏறக்குறைய ஒரே வாசல் வழியாக, பல சமயம் ஒரே கப்பலில் வந்தவை. இன்று கைப்பேசியும் ஆன்மிகமும் எதிரெதிர்த் துருவங்கள் என்று பிரசங்க மேடைகளில் கேட்கும்போதெல்லாம், இங்கே அந்தக் கதை அப்படித் தொடங்கவில்லையே என்று தோன்றும்.

தொடங்கிய இடம் தரங்கம்பாடி. 1620இல் இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த கடற்கரை ஊர். 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்றதும், ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்ததும், 1708இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதியதும் தமிழ் வாசகர்கள் அறிந்தவை. புதிய ஏற்பாட்டை அவர் தமிழில் பெயர்த்து முடித்தது 1711. அது அச்சேறி நூலாக முழுமை பெற்றதோ 1715. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இலண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவுப் பரப்புச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. இயந்திரத்தோடு வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துபோனார். 1712இல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. அவற்றை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள், 1713இல் வந்தன. பார்த்தால் அளவில் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்குபவை. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாதிரியார்கள் உண்ண வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கினார்கள். காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்துப் பொறையாறில் ஒரு காகித ஆலையையும் நிறுவினார்கள்.

தமிழ் அச்சு இங்கேதான் பிறந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால், ஓர் அச்சகம் நிலையாக நின்று, ஆலையும் வார்ப்பும் பள்ளியும் சேர்ந்த ஒரு தொழில் உலகமாக விரிந்தது தரங்கம்பாடியில்தான். அந்த உலகத்தை உருவாக்கியவர்கள் பக்தி இயக்கத்தினர். உள்ளம் உருகுவதே சமயம், சடங்கும் தர்க்கமும் பிறகுதான் என்று நம்பிய ஹாலே மரபில் வளர்ந்தவர்கள். அகத்தை மட்டுமே பெரிதாகப் பேசியவர்கள் இரும்பையும் ஈயத்தையும் இவ்வளவு விரும்பிக் கையாண்டது முரணாகத் தோன்றலாம். அவர்களுக்கு அது முரணாகப் படவில்லை. அவர்கள் கருவியைக் கண்டு அஞ்சவும் இல்லை, அதை வணங்கவும் இல்லை. சீகன்பால்கு 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் இறந்தார். அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது.

கொள்ளிடத்துக்கு அக்கரையில், ஏலாக்குறிச்சியில், இதற்கு நேர்மாறான ஒரு கிறிஸ்தவம் அதே காலத்தில் வாழ்ந்தது. வீரமாமுனிவர் அச்சகத்தின் பக்கமே போகவில்லை. 1726இல் முடிந்த தேம்பாவணி ஓலையில் எழுதப்பட்டு ஓலையிலேயே நூறாண்டுக்கு மேல் உலவியது. அது அச்சுக்கு வந்தது 1850களில்தான். வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களில் தரங்கம்பாடியாரை அவர் கடுமையாக மறுத்தார். அவர்களுடைய தமிழையும் விட்டுவைக்கவில்லை. ஓலையில் எழுதிய இத்தாலியரின் தமிழ் இன்றும் நிற்கிறது. அச்சடித்த ஜெர்மானியரின் தமிழை மொழி வரலாற்றுக்காரர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. ஆனால், எழுத்தறிவு என்பதை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்டால் விடை வேறாகிவிடும். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பார்கள். எனக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை.

சரபோஜிக்குத் திரும்புவோம். துளஜா மன்னர் 1787இல் தத்தெடுத்த சிறுவனுக்குச் சுவார்ட்ஸ் காப்பாளராக நின்றார். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஐரோப்பிய அறிவியல் இந்த மாணவனைத் தொட்டால், அதன் வழியே சுவிசேஷமும் உள்ளே நுழையும் என்பது அன்றைய மிஷனரிகள் பலருக்கு இருந்த எதிர்பார்ப்பு. பூமி உருண்டை என்பதை ஒப்புக்கொண்டவன் புராணத்தை விட்டுவிடுவான், புராணத்தை விட்டவன் பைபிளுக்கு வந்துவிடுவான் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்குத் தப்பியது. 1826 மார்ச்சில் கல்கத்தா ஆயர் ரெஜினால்டு ஹீபர் தஞ்சைக்கு வந்து மன்னரைச் சந்தித்தார். லவாய்சியேயையும் லின்னேயஸையும் சரளமாக மேற்கோள் காட்டிப் பேசும் ஓர் இந்திய மன்னரைக் கண்ட வியப்பை அவர் எழுதிவைத்திருக்கிறார். (சில நாள்களிலேயே, ஏப்ரல் 3 அன்று, திருச்சியில் குளிக்கும்போது நீரில் மூழ்கி ஹீபர் இறந்தார்.) அந்த மன்னர்தான் அதற்கு முன்பு, 1820 முதல் 1822 வரை, ஆயிரக்கணக்கானோர் உடன்வரக் காசி யாத்திரை போய் வந்தவர். பெரிய கோயிலில் நடிக்கப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியின் பாட்டுடைத் தலைவர். சுவார்ட்ஸைத் தந்தையாக நேசித்தார், அவருடைய கருவிகளை நேசித்தார், அவருடைய கடவுளிடம் போகவில்லை. இதில் எந்த இரட்டை வேடமும் எனக்குத் தெரியவில்லை. கருவி ஒரு தேவையைத் தீர்த்தது, காசி வேறொரு தேவையைத் தீர்த்தது. ஒன்று மற்றதன் இடத்தில் உட்காரும் என்று எதிர்பார்த்தது பாதிரியார்களின் பிழை. இன்று அதே பிழையை வேறு ஆட்கள் செய்கிறார்கள். அலைபேசிக் கோபுரம் எழுந்துவிட்டால் ஊரில் சாமியாடுவது நின்றுவிடும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய முற்போக்கு நண்பர்கள் இன்று அந்தச் சாமியாட்டத்தைக் கைப்பேசியில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுவார்ட்ஸின் இன்னொரு மாணவர் இதே கேள்வியை வேறொரு திசையிலிருந்து சந்தித்தார். 1774இல் நெல்லைச் சீமையில் பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்ஸோடு தஞ்சைக்கு வந்து, தரங்கம்பாடியில் கல்வி பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார். சரபோஜிக்கு மூன்று வயது மூத்தவர், நண்பர். 1800ஆம் ஆண்டளவில் அவர் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார்.

குறவஞ்சி என்பது ஏக்கத்தின் இலக்கியம். உலா வரும் தலைவனைக் கண்டு ஒரு பெண் மயங்குகிறாள். நிலவு சுடுகிறது, தென்றல் வதைக்கிறது, தோழி ஆற்றுப்படுத்த முடியாமல் தவிக்கிறாள். பிறகு குறத்தி வந்து கை பார்த்து, அவன் வருவான் என்கிறாள். குற்றாலத்தில் இது சிவனுக்காக நிகழ்ந்தது. சாஸ்திரியாரின் தலைவி தேவமோகினி ஏங்குவது பெத்லகேமின் நாதருக்காக. குறி சொல்பவள் விசுவாசச் சிங்கி. இதுவரை புரிந்துகொள்ள எளிது. தமிழ்ப் பக்தி மரபின் நாயகி பாவத்தை ஒரு கிறிஸ்தவக் கவிஞர் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. ஆனால், அதே நூலுக்குள் அவர் கோப்பர்நிக்கஸின் வானியலையும் கொண்டுவந்து வைக்கிறார். சூரியன் நடுவில் நிற்க, கோள்கள் சுற்றிவருகின்றன. தரங்கம்பாடிப் பள்ளியில் கற்ற புதிய விஞ்ஞானம் காதல் நோயில் துடிக்கும் ஒரு பெண்ணின் கதைக்குள் பாட்டாக வருகிறது.

நான் இதை முதுகலையில் படித்தபோது, ஒட்டாத ஒட்டு என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. சாஸ்திரியாருக்குத் தொலைநோக்கியின் வானம் ஏக்கத்தைத் தணிக்கும் பொருளன்று. அது ஏக்கத்தைப் பெரிதாக்கும் பொருள். தலைவன் எவ்வளவு பெரியவன் என்று காட்டக் காட்ட, தலைவிக்கும் அவனுக்கும் உள்ள தொலைவு கூடுகிறது, தவிப்பு கூடுகிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய ஆகஸ்தீன், உலகப் பொருள்களில் பயன்படுத்த வேண்டியவை, துய்க்க வேண்டியது என்று ஒரு பிரிவினை செய்தார். பயணி வண்டியைப் பயன்படுத்த வேண்டும். வண்டியின் சுகத்தில் மயங்கி ஊர் போய்ச் சேர்வதை மறந்துவிடக் கூடாது. துய்க்க வேண்டியது இறைவன் ஒருவனை மட்டுமே. கருவிகளைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையின் பெரும்பகுதி இந்த ஒரு பிரிவினையின் விரிவுரை எனலாம். இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்து அறிஞர் ழாக் எல்லுல் 1954இல் தொழில்நுட்பத்தைப் பற்றி இருண்ட மனத்தோடு எழுதிய பெருநூலிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றை நம்பிக்கையோடு வரவேற்று வெளியிட்ட ஆவணத்திலும் பின்னணியில் இருப்பது அந்தக் கவலைதான். சாஸ்திரியார் ஆகஸ்தீனைப் படித்தாரோ இல்லையோ, வண்டியையும் ஊரையும் குழப்பிக்கொள்ளவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால், நேர்மையாக இராது. 1820களில் வந்த புதிய மிஷனரிகள், தேவாலயத்துக்குள் சாதி கூடாது, எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்றார்கள். சாஸ்திரியாரும் தஞ்சையின் வேளாளக் கிறிஸ்தவர்களும் அதை எதிர்த்து நின்றார்கள். பைபிளின் புதிய மொழிபெயர்ப்பு, பாட்டு முறை எனப் பிற சண்டைகளும் சேர்ந்துகொண்டன. மிஷனோடு முரண்பட்டு நின்ற கவிஞரைச் சரபோஜி மானியம் கொடுத்து ஆதரித்தார். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதியை முழுவதும் ஒழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைச் சபையே கொந்தளித்தது.

பூமி நடுவில் இல்லை என்பதைத் தயங்காமல் ஏற்ற மனம், பக்கத்துப் பாயில் இன்னொருவர் உட்காருவதை ஏற்கவில்லை. அவரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். கருவியும் அது தரும் அறிவும் எவ்வளவு தூரம் உள்ளே போகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தொலைநோக்கி வழியே வியாழனைப் பார்த்துவிடலாம். சேரியைப் பார்க்க அது உதவாது.

சாஸ்திரியார் 1864இல் இறந்தார். அதற்கு ஐந்தாண்டு முன் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், ஆசிரியராகத் தஞ்சைக்கு வந்து, சித்த மருத்துவராக மாறினார். இவரைப் பற்றி எழுதும் பலரும் இசையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் மருந்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். அவருடைய கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் போயின. விளம்பரமும் தபாலும் கைகோத்த நவீனச் சந்தையை அந்நாளிலேயே நன்கு புரிந்துகொண்ட வணிகர் அவர். தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற பண்ணை அமைத்தார். மின்சாரத்தில் இயங்கும் அச்சகம் ஒன்றை நிறுவி, சென்னை ஆளுநராயிருந்த ஆர்தர் லாலியின் பெயரை அதற்கு இட்டார். தரங்கம்பாடியின் கையச்சிலிருந்து தஞ்சையின் மின்னச்சு வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டு. இடையில் உள்ள தொலைவு சுமார் நூறு கிலோமீட்டர்.

மருந்து விற்ற பணம் எங்கே போயிற்று? 1912 முதல் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். வித்துவான்களை வரவழைத்துத் தங்கவைத்து வாதம் நடத்தினார். ஓர் இயக்கில் சுருதிகள் இருபத்திரண்டு என்ற மரபை மறுத்து, சிலப்பதிகாரத்தின் பாலை முறைகளிலிருந்து இருபத்துநான்கு என்று நிறுவ முயன்றார். 1916இல் பரோடா மாநாட்டுக்கு மகள்களையும் அழைத்துச் சென்று தம் கொள்கையை இசைத்துக் காட்டச் செய்தார். 1917இல் கருணாமிர்த சாகரம் அந்த லாலி அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இரண்டு ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய சுருதிக் கணக்கு சரியா என்று இசை அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். அதற்குள் போக எனக்குத் தகுதியில்லை. எனக்குப் படுவது வேறு. சந்தையையும் மின்சாரத்தையும் முழுமையாகப் பயன்படுத்திய ஒரு மனிதர், அவற்றால் ஈட்டியதை யாருக்கும் லாபம் தராத ஒரு தேடலில் கரைத்தார். சுரங்களுக்கு இடையிலுள்ள அளவு இறைவன் அமைத்த ஒழுங்கு என்று நம்பிய கிறிஸ்தவருக்கு அது வீண்செலவாகத் தோன்றவில்லை.

இதுவரை சொன்ன கருவிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. அவை காக்கவைத்தன. எழுத்துக்காகக் கப்பலையும், கோளுக்காக இரவையும், அச்சுக்காகக் கோத்து முடியும் பக்கத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கிறிஸ்தவ ஆண்டே காத்திருப்பில்தான் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்பார்கள். காத்திருப்பது படுகை மக்களுக்கும் பிறவிப் பழக்கம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் வானையும் செய்தித்தாளையும் பார்த்திருந்து நாற்றங்கால் போடுபவர்களுக்குத் தேவமோகினியின் தவிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டில் வானொலிகூட அந்தக் குணத்தோடு இருந்தது. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியை என் தந்தை தவறவிடமாட்டார். முள்ளை மெல்லத் திருகுவார். இரைச்சல் வரும், சீன மொழி வரும், மறுபடி இரைச்சல். திடீரென்று தமிழ் தெளியும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பிறகு எந்தத் துல்லியமான ஒலிக்கருவியின் முன்னும் நான் கண்டதில்லை. இந்து நண்பர்களும் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். நேயர் கடிதம் எழுதுவார்கள். தங்கள் பெயர் வாசிக்கப்படுமா என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். 2018இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்று இணையத்துக்குப் போயிற்று. இப்போது எந்நேரமும் கேட்கலாம். தந்தை இல்லை, நான் கேட்பதில்லை.

என் கைப்பேசிக்கு ஒவ்வொரு காலையும் ஐந்தாறு வேத வசனங்கள் வந்து சேர்கின்றன. பூக்களின் மேல், சூரிய உதயத்தின் மேல், சில சமயம் நகைக்கடை விளம்பரத்துக்கு மேலேயே. எதையும் படித்து முடிப்பதற்குள் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. இதைப் பாவம் என்று சொல்லும் பிரசங்கியாரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிரசங்கமும் அதே திரையில்தான் வருகிறது. விரும்பியது உடனே கிடைக்கும்போது விரும்புதல் என்ற தசையே சூம்பிப்போகிறதோ என்ற ஐயம் மட்டும் எனக்கு உண்டு. பாதிரியார்கள் பயந்தது கருவி கடவுளைப் பொய்யாக்கிவிடும் என்று. அது நடக்கவில்லை. கருவி கடவுளை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டது. கைக்கெட்டிய தலைவனுக்காக எந்தக் குறவஞ்சித் தலைவி ஏங்குவாள்?

இப்படி எழுதும்போதே ஒரு காட்சி குறுக்கே வந்து என்னை மறுக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் முதல் வாரம், வேளாங்கண்ணி. தஞ்சையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் காவி உடுத்து நடந்து வந்தவர்கள் கால் வீங்கிக் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தார்கள். இரவில் தேர் பவனி புறப்பட்டதும் ஆயிரம் திரைகள் மேலே எழுந்தன. மாதாவைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. எரிச்சலோடு நின்றிருந்த எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், வளைகுடாவில் இருக்கும் மகனுக்குக் காணொளி அழைப்பில் தேரைக் காட்டிக்கொண்டிருந்தார். “நல்லா பாத்துக்கய்யா, அம்மா கிட்ட வந்துட்டாங்க, வேண்டிக்க” என்று உரக்கச் சொன்னார். திரையில் தொழிலாளர் விடுதி போன்ற ஓர் அறை, இரட்டை அடுக்குக் கட்டில், கைகூப்பிய ஓர் இளைஞன். கூட்டத்தில் சிக்னல் அறுந்து, படம் உறைந்து, பிறகு திரையே இருண்டது. அவர் கையை இறக்கவில்லை. தேர் எங்களைக் கடந்து திரும்பும்வரை அந்த இருண்ட திரையைத் தலைக்கு மேல் மாதாவை நோக்கிப் பிடித்தபடியே நின்றார்.